பின்புறத்தில் ஒலித்த பாட்டு

கைதட்டுவதற்கு ஒரு கை. தள்ளி வைப்பதற்கு மற்றொரு கை. கலை வாழவேண்டும், ஆனால் கலையை வளர்த்தவள் வாசற்படிக்கு வெளியே நிற்கவேண்டும் என்பதே பலகாலம் உலகத்தின் நீதியாக இருந்தது.

அமெரிக்க நாட்டைப் பாருங்கள். 1865இல் அடிமை முறை ஒழிந்தது, நிறவெறி ஒழியவில்லை. கறுப்பினப் பெண்கள் ஊர் ஊராகச் சென்று மேடையேறினார்கள். ஆடினார்கள், பாடினார்கள், சிரிக்க வைத்தார்கள். ஆட்டம் முடிந்ததும் அந்த ஊர் விடுதியில் படுத்துறங்க அவர்களுக்கு இடமில்லை. மரியன் ஆண்டர்சன் என்ற பெரும் பாடகிக்கு 1939இல் வாஷிங்டன் நகரின் சிறந்த மண்டபம் மறுக்கப்பட்டது. குரலில் குறையில்லை, நிறமே குற்றமாயிற்று. ஏப்ரல் 9ஆம் நாள், லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று, திறந்த வெளியில் அவர் பாடினார். எழுபத்தையாயிரம் பேர் திரண்டு கேட்டார்கள்.

அந்த நாட்டுக் கதை அது என்று நாம் பெருமூச்சு விட்டு அமைதி அடையலாமா? அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னதாகவே, நம் காவிரிக் கரையில் அதே நாடகம் நடந்தது. அங்கே தடையாக நின்றது நிறமன்று; பிறப்பு. அதனை எதிர்த்து நின்றவர், நாம் வாழும் இந்தப் பெங்களூரின் பெயரைத் தம் பெயரோடு சுமந்த நாகரத்தினம்மாள்.

மைசூரை அடுத்த நஞ்சன்கூட்டில் 1878ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் அவர் பிறந்தார். தாய் புட்டலட்சுமி தேவதாசி மரபினர். தந்தை வழக்கறிஞர், ஆனால் தாயையும் சேயையும் கைவிட்டவர். சிறுமிக்கு வடமொழி கற்பித்த பண்டிதரும் இடையில் மனம் மாறினார். துணையென்று நம்பிய தோள்கள் எல்லாம் விலகின. தாய் மட்டும் தளரவில்லை. மகளைப் பெங்களூருக்கு அழைத்து வந்தார். இங்கே முனுசாமப்பா என்ற ஆசிரியரிடம் இசை பயின்றாள் சிறுமி. வாலாஜாப்பேட்டை வழியாக வந்த தியாகராசர் சீடமரபைச் சேர்ந்தவர் அவர். நடனமும் தனியே பயிற்றுவிக்கப்பட்டது. கன்னடம், தெலுங்கு, தமிழ், வடமொழி ஆகிய நான்கும் கைவந்தன. பதினான்கு வயதை ஒட்டித் தாயும் மறைந்தார். அதன்பின் கல்வியும் குரலுமே அவருக்கு உறவு.

மைசூர் அரண்மனை அவரைப் போற்றியது. மைசூர் அரசின் உயர்நீதிமன்ற நீதிபதி நரஹரிராவ் ஆதரவு தந்தார். அனுமந்தநகர்ப் பக்கம் நரஹரிராயர் குன்று என்று இன்றும் வழங்குகிறதே, அது அவர் பெயரால் வந்ததுதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாகரத்தினம்மாள் சென்னைக்குக் குடியேறினார். வீணை தனம்மாள் வாழ்ந்த ஜார்ஜ் டவுன் பகுதியிலேயே அவருக்கும் வீடு அமைந்தது. ஊர்கள் தோறும் கச்சேரிகள்; செல்வமும் புகழும் வந்து சேர்ந்தன.

இவ்வளவோடு நின்றிருந்தால், பொன்னும் மணியும் பூண்ட பாடகியர் வரிசையில் அவரும் ஒருவராகியிருப்பார். அவரை வரலாற்றில் நிறுத்தியவை இரண்டு போராட்டங்கள். ஒன்று புத்தகத்துக்காக, மற்றொன்று பாட்டுக்காக.

தஞ்சையில் 1739 முதல் 1763 வரை பிரதாபசிம்மன் ஆண்டான். அவன் அவையில் முத்துப்பழனி என்ற பெண் புலவர் இருந்தார். அவரும் கணிகையர் குலத்தவர். இராதையின் ஊடலையும் கண்ணன் அவளைத் தேற்றுவதையும் பொருளாக வைத்து ‘ராதிகா சாந்த்வனமு’ என்ற தெலுங்குக் காவியத்தை அவர் இயற்றினார். அந்நூலின் அச்சுப் பதிப்பு ஒன்று நாகரத்தினம்மாள் கைக்கு வந்தது. பழைய பிரதியோடு ஒப்பிட்டுப் பார்த்தால், பாடல்கள் பல விடுபட்டிருந்தன. முத்துப்பழனி தம் குலத்தைப் பற்றிப் பெருமையோடு கூறிய முன்னுரைப் பகுதியும் இல்லை! சீர்திருத்தச் செம்மலாகிய கந்துகூரி வீரேசலிங்கம், ஒரு பெண் இப்படிப் பாடலாமா என்று அக்காவியத்தைக் கடிந்து எழுதியிருந்தார்.

நாகரத்தினம்மாள் வெகுண்டார். ஆண் புலவர்கள் இதனினும் வெளிப்படையாகப் பாடியதைச் சுவை என்று மெச்சும் நா, பெண் பாடினால் மட்டும் ஏன் கூசுகிறது என்று கேட்டார். முழு நூலையும் திரட்டிச் செப்பம் செய்து, 1910இல் வாவிள்ளா பதிப்பகத்தின் வழியாக வெளியிட்டார். எதிர்ப்பு எழுந்தது, அடுத்த ஆண்டே காவல்துறை நூலைப் பறிமுதல் செய்தது, தடை விதிக்கப்பட்டது. தங்குடூரி பிரகாசம் சென்னை மாகாண முதலமைச்சராக வந்த பின்னரே அத்தடை நீங்கியது. ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் அவர் காத்திருக்க நேர்ந்தது. பதினெட்டாம் நூற்றாண்டுப் பெண் ஒருத்தியின் குரலுக்கு இருபதாம் நூற்றாண்டில் வாய்ப்பூட்டு. அதைத் திறக்கச் சாவி தேடியவரும் ஒரு பெண்!

இரண்டாவது போராட்டம் திருவையாற்றில். 1847இல் மறைந்த தியாகராசரின் சமாதி, காவிரிக்கரையில் கவனிப்பாரற்றுக் கிடந்தது. ஆண்டுதோறும் ஆராதனை என்னும் பெயரில் விழா எடுத்த வித்துவான்களோ, பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று பிரிந்து பூசலிட்டுக் கொண்டிருந்தார்கள். நாகரத்தினம்மாள் பேசவில்லை, செய்தார். 1921இல் பணி தொடங்கியது. நிலத்தைப் பெற்றார், தியாகராசருக்குச் சிலை வடிக்கச் செய்தார், கோயில் எழுப்பினார். பாடிப் பாடிச் சேர்த்த பணம் கல்லாகவும் சுண்ணாம்பாகவும் மாறியது.

கோயில் எழுந்தது, கட்டியவர் அங்கே பாடலாமா? கூடாது என்றார்கள்! பெண்கள், அதிலும் தாசி குலத்துப் பெண்கள், ஆராதனையில் பாடும் வழக்கம் இல்லையாம். அவர்கள் பணம் ஆகும், பாட்டு ஆகாது. விளக்கேற்றியவளை இருட்டில் நிறுத்தும் நியாயம் இது.

நாகரத்தினம்மாள் அழுது திரும்பிவிடவில்லை. பெண் கலைஞர்களை ஒன்று திரட்டினார். 1927இல் சமாதியின் பின்புறத்தில் அவர்களே தனியாக ஆராதனை நடத்தினார்கள். முன்னே இரண்டு கட்சிகள். பின்னே மூன்றாவதாகப் பெண்கள் கட்சி. ஆண்டுகள் உருண்டன. 1940ஐ ஒட்டிக் கட்சிகள் ஒன்றாயின. பெண்களும் முன்னே வந்து பாடினார்கள். பின்புறத்தில் ஒலித்த பாட்டு முன்வாசலைத் திறந்துவிட்டது.

அவர் வாழ்வில் நம்மைச் சிந்திக்கவைக்கும் மற்றொரு பக்கமும் உண்டு. தேவதாசி முறையை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் முயன்றபோது, அம்முயற்சியை எதிர்த்த தேவதாசியர் சங்கத்துக்கு நாகரத்தினம்மாளே தலைமை தாங்கினார். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் கொடுமை தொலையவேண்டும் என்பது ஒரு கட்சி. அதே குலத்தில் பிறந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் அந்தப் பக்கமே நின்றார். எங்கள் கலையையும் கல்வியையும் சொத்துரிமையையும் இழிவென்று ஒரே வீச்சில் துடைத்தெறியலாமா என்பது நாகரத்தினம்மாளின் கேள்வி. சட்டம் 1947இல் நிறைவேறியது; நிறைவேறியதே நன்று. ஆயினும் அவர் கேட்ட கேள்வி பொய்யாகிவிடவில்லை. அந்தப் பெண்கள் காத்த இசையும் ஆட்டமும் மற்றவர் மேடைகளில் மதிப்புப் பெற்றன. காத்தவர்கள் பெரும்பாலோர் மறக்கப்பட்டார்கள்.

பிற்காலத்தில் அவர் திருவையாற்றிலேயே தங்கித் தம் உடைமைகளை ஆராதனைப் பணிக்கென ஒப்படைத்தார். 1952ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் மறைந்தார். அவர் உடல் தியாகராசர் சமாதிக்கு அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டது. பின்புறத்தில் நின்று பாடியவர், இன்று சிலையாகிக் கைகூப்பியபடி அந்தச் சந்நிதியை நேர்முகமாக நோக்கி அமர்ந்திருக்கிறார். ஆண்டுதோறும் ஆணும் பெண்ணும் ஒருங்கே அமர்ந்து அங்கே பாடுகிறார்கள்.

நண்பர்களே! நாமும் விழா எடுக்கிறோம், நாடகம் போடுகிறோம், மேடை கட்டுகிறோம். அந்த மேடையில் யார் அமர்கிறார்கள் என்பதை எல்லோரும் பார்க்கிறோம். பந்தலுக்குப் பின்னால் யார் நிறுத்தப்பட்டிருக்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பவர் சிலரே. நாகரத்தினம்மாளைப் போற்ற விரும்பினால், நம் சங்கத்து அடுத்த விழாவில் அந்த ஒரு பார்வை போதும். பின்னால் நிற்பவரைக் கண்டால் முன்னே அழையுங்கள்; அவர் பாடட்டும்.