சிறார்க்கும் ஸலாம்

இல்லத்துச் சிறுவனை ஒரு வேலையாக அனுப்புகிறீர்கள். அவனோ வழியில் விளையாட்டில் மனம் பறிகொடுத்து நின்றுவிடுகிறான். தேடிச் சென்று அவனைக் காணும்போது உங்கள் கை ஓங்குகிறதல்லவா? அவ்வேளையில் ஹஜ்ரத் அனஸ் இப்னு மாலிக் (ரலி) அவர்களின் இளமைப் பருவத்தைச் சற்றே நினைத்துப் பாருங்கள்.

கி.பி. 622ஆம் ஆண்டு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மதீனா மாநகர் வந்தபோது அனஸுக்கு வயது 10. அன்னையார் உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள் தம் மகனைப் பெருமானாரின் பணிக்கென ஒப்படைத்தார்கள். 632இல் பெருமானார் இவ்வுலகைப் பிரியும்வரை அப்பணி தொடர்ந்தது. அந்தப் பத்தாண்டுகளில் ஒருமுறையேனும் அண்ணலார் அவரைச் சீ என்று சினந்ததில்லை; செய்ததை ஏன் செய்தாய் என்றோ, செய்யாததை ஏன் விட்டாய் என்றோ கடிந்ததுமில்லை. இதற்குச் சான்று பகர்ந்தவர் அனஸ் (ரலி) அவர்களேயாவார்.

ஒருநாள் அலுவல் ஒன்றிற்காக அவரை அனுப்பினார்கள். கடைவீதியில் விளையாடும் சிறுவர்களைக் கண்டு அவர் அங்கேயே நின்றுவிட்டார். பின்னிருந்து ஒரு கரம் அவர் பிடரியைப் பற்றியது. திரும்பினால், அண்ணலாரின் திருமுகத்தில் புன்முறுவல்! உனைஸ் எனச் செல்லமாக அழைத்து, சொன்ன இடத்திற்குச் சென்றாயா என வினவினார்கள். அவ்வளவே! இதோ செல்கிறேன் என்று புறப்பட்டார் சிறுவர்.

மற்றொரு நாள், விளையாடிக்கொண்டிருந்த சிறுவர்களிடம் வந்து, அவர்களுக்கு ஸலாம் உரைத்து, அனஸை இரகசியப் பணி ஒன்றிற்கு அனுப்பினார்கள். வீடு திரும்பத் தாமதமாயிற்று. தாயார் காரணம் கேட்டபோது, அது இரகசியம் என்றார் மகன். அந்த அன்னையார் வற்புறுத்தவில்லை. அண்ணலாரின் இரகசியத்தை எவரிடமும் வெளியிடாதே என்றே பணித்தார்கள். பின்னர் தம் அன்பு மாணவர் ஸாபித் அல்புனானியிடம்கூட அனஸ் (ரலி) அவர்கள் அதனைச் சொன்னதில்லை. பெரியோர் வைத்த நம்பிக்கை, சிறுவரை நம்பிக்கைக்குரியவராகவே வளர்த்துவிட்டது!

2,000க்கும் மேற்பட்ட நபிமொழிகளை உலகுக்கு வழங்கிய அப்பெருந்தகை, முதிர்ந்த வயதில் பஸராவில் மறைந்தார்கள். அவர்கள் சிறுவர்களைக் கடந்து செல்லும்போது தாமே முந்தி ஸலாம் சொல்வார்கள். அண்ணலாரிடம் கண்ட வழக்கம் அது. உடன் நடந்த ஸாபித்தும் பின்னாளில் அவ்வாறே செய்தார். அவருடன் நடந்த மாணவர் ஸய்யார் அதனைக் கண்டு, பிறருக்கும் எடுத்துரைத்தார். இவ்வாறு ஒரு ஸலாம் தலைமுறை தலைமுறையாக நடந்து வந்திருக்கிறது.

இன்று ஜும்ஆ தொழுது இல்லம் திரும்புகையில், தெருவில் விளையாடும் பிள்ளைகளுக்கு முதலில் நீங்கள் ஸலாம் சொல்லுங்கள். அந்தச் சங்கிலி உங்களோடு அறுந்துவிடாதிருக்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.