உலகமே ஒரு ஃபுட்பால் ஆட, அமெரிக்கா மட்டும் வேறு ஃபுட்பால் ஆடுவது ஏன்? கடிகாரக் கம்பெனிக்காரர் வால்டர் கேம்ப்பின் கதை

பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை, இந்திய நேரம் அதிகாலை 5 மணி. அமெரிக்காவில் அது ஞாயிறு மாலை. சூப்பர் பௌல் தொடங்குகிறது. அந்த நாட்டில் மட்டும் 10 கோடிப் பேருக்கு மேல் டிவி முன்னால் இருப்பார்கள். நாம் ஆபீஸ் கிளம்புவதற்குள் இடைவேளைக் கச்சேரி ரீல்ஸாக நம் போனுக்கு வந்துவிடும். கச்சேரியில் யார் பாடினார்கள் என்பது நமக்குத் தெரியும். ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால்தான் சிக்கல்.

இது நம்ம ஊர் நிலைமை மட்டும் இல்லை. பிரேசில், நைஜீரியா, இத்தாலி என்று எங்கே போனாலும் ஃபுட்பால் என்றால் காலால் உதைக்கும் ஆட்டம்தான். ஆனால் ஜப்பானில் இந்த அமெரிக்க ஆட்டத்துக்குப் பல்கலைக்கழக லீக் நடந்து 90 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஜெர்மனியில் டிக்கெட் கிடைப்பதில்லை. மெக்சிகோவில் ஒரே ஆட்டத்துக்கு ஒரு லட்சம் பேர் வந்திருக்கிறார்கள். ஒரே ஆட்டம், ஊருக்கு ஒரு வரவேற்பு. ஏன் இப்படி?

பதில் தேடிப் போனால் 1925-ல் இறந்துபோன ஒருவரிடம் வந்து நிற்போம். பெயர் வால்டர் கேம்ப். அமெரிக்காவில் அவரை இந்த ஆட்டத்தின் தந்தை என்கிறார்கள். அது மிகைப்படுத்தல் இல்லை.

ஆசிரியர் வீட்டுப் பையன்

கேம்ப் பிறந்தது 1859 ஏப்ரல் 7, கனெக்டிகட் மாநிலத்தின் நியூ பிரிட்டன் என்ற ஊரில். அப்பா பள்ளி ஆசிரியர். வீட்டுக்கு ஒரே பிள்ளை. 1876-ல் யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

அவர் சேர்ந்த நேரம் முக்கியம். அப்போது அமெரிக்கக் கல்லூரிகளில் ஃபுட்பால் என்று ஒரே ஆட்டம் கிடையாது. 1869-ல் பிரின்ஸ்டனும் ரட்கர்ஸும் ஆடியது அணிக்கு 25 பேரோடு, கிட்டத்தட்ட நம் கால்பந்து மாதிரி ஒன்று. ஹார்வர்டு தனக்கென்று ஒரு விதி வைத்திருந்தது. 1874-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக அணி ஹார்வர்டுக்கு வந்து ரக்பி ஆடிக் காட்டியது. ஹார்வர்டு பையன்களுக்கு அது பிடித்துப்போனது. 1876-ல் மற்ற பெரிய கல்லூரிகளும் ரக்பி விதிகளுக்கே வந்து சேர்ந்தன.

கவனியுங்கள், அமெரிக்கன் ஃபுட்பாலின் பிறப்பிலேயே ஒரு வெளிநாட்டு அணி இருக்கிறது. கனடாக்காரர்கள் அன்று வராமல் இருந்திருந்தால் அமெரிக்கா ஒருவேளை கால்பந்து தேசமாகவே இருந்திருக்கலாம்.

கேம்ப் யேல் அணியில் ஆடினார். பட்டம் வாங்கிய பிறகு மருத்துவம் படிக்கச் சேர்ந்து, அப்போதும் ஆடினார். மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டார். ஆட்டத்தை விடவில்லை.

1880: எல்லாம் மாறிய வருடம்

ரக்பியில் ஆட்டம் நின்றால் இரண்டு அணியும் கட்டிப்பிடித்து முட்டிமோதும். பந்து நடுவில் கிடக்கும். அது யார் பக்கம் வெளியே வரும் என்பது பாதி பலம், பாதி அதிர்ஷ்டம். கேம்ப்புக்கு இந்த அதிர்ஷ்டம் பிடிக்கவில்லை. பந்து ஒரு அணிக்குச் சொந்தமாக இருக்கட்டும், அவர்கள் வரிசையாக நின்று, தங்கள் ஆளிடமே பந்தைப் பின்னால் தள்ளி ஆட்டத்தைத் தொடங்கட்டும் என்று யோசனை சொன்னார். 1880 விதிக் கூட்டத்தில் அது ஏற்கப்பட்டது. அணிக்கு 15 பேர் என்பது 11 ஆனதும் அதே கூட்டத்தில்தான். பந்தை வாங்கும் ஆள்தான் குவார்ட்டர்பேக். இன்று பல நூறு கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போடுகிறார்களே, அந்தப் பதவி அன்று பிறந்தது.

நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால், ஓடிக்கொண்டே இருந்த ஆட்டத்தை அவர் கிரிக்கெட் மாதிரி மாற்றிவிட்டார். ஒரு பந்து, ஒரு நிறுத்தம், ஃபீல்டிங் மாற்றம், அடுத்த பந்து. யோசிக்க நேரம் கிடைத்தது. திட்டம் போட நேரம் கிடைத்தது.

ஆனால் ஒரு ஓட்டை இருந்தது. பந்து கையில் இருக்கும் அணி அதை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. 1881-ல் யேலும் பிரின்ஸ்டனும் மோதியபோது முதல் பாதி முழுக்க பிரின்ஸ்டன் பந்தை வைத்துக்கொண்டது. இரண்டாம் பாதி முழுக்க யேல் வைத்துக்கொண்டது. ஸ்கோர் 0-0. பார்க்க வந்தவர்கள் கொதித்துப்போனார்கள்.

அடுத்த வருடமே கேம்ப் ஓட்டையை அடைத்தார். மூன்று முயற்சிகளில் 5 யார்டு முன்னேற வேண்டும், இல்லையென்றால் பந்து எதிரணிக்கு. அந்த ஒவ்வொரு முயற்சிக்கும் பெயர்தான் டவுன். இப்போது அது நான்கு முயற்சி, 10 யார்டு. முன்னேறிய தூரத்தை அளக்க மைதானத்தில் 5 யார்டுக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டார்கள்.

இந்த டவுன் விதிதான் உலகத்தைப் பிரிக்கும் கோடு என்பது என் கருத்து. கால்பந்தைப் புரிந்துகொள்ள வலையும் பந்தும் போதும். இதற்கு யாராவது பக்கத்தில் உட்கார்ந்து விளக்கணும். அப்பாவோ சித்தப்பாவோ சொல்லிக்கொடுத்து வளரும் நாட்டில் அது சுகம். சொல்ல ஆளில்லாத நாட்டில் அது தலைவலி. 2010-ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் ஒரு கணக்குப் போட்டது: மூன்று மணி நேர ஒளிபரப்பில் பந்து உண்மையில் ஆட்டத்தில் இருப்பது சுமார் 11 நிமிடம்தான். அமெரிக்க ரசிகருக்கு மீதி நேரம் பதற்றம், விவாதம், நொறுக்குத்தீனி. புதிதாகப் பார்ப்பவருக்கு விளம்பர இடைவேளை.

பகலில் கடிகாரம், மாலையில் கோச்

படிப்பை விட்ட கேம்ப் நியூ ஹேவன் கடிகாரக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். பின்னாளில் அதன் தலைவரே ஆனார். கடிகாரம் விற்றவர் உருவாக்கிய ஆட்டம் கடிகாரத்தை நிறுத்தி நிறுத்தி ஆடப்படுவதை நான் தற்செயல் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

1888-ல் ஆலிஸ் சம்னரைத் திருமணம் செய்தார். அதே ஆண்டிலிருந்து யேல் அணியின் கோச். பகலில் கம்பெனி வேலை இருந்ததால் பயிற்சியைப் பார்க்கப் போனது பெரும்பாலும் ஆலிஸ்தான். யார் எப்படி ஆடினார்கள் என்று அவர் குறித்துவந்து சொல்ல, இரவில் வீரர்களை வீட்டுக்கு அழைத்து கேம்ப் திட்டம் போட்டார். 1888 சீசனில் யேல் எடுத்த புள்ளிகள் 698. எதிரணிகள் எல்லாம் சேர்ந்து எடுத்தது பூஜ்யம். ஐந்து சீசன்களில் யேல் தோற்றது இரண்டே ஆட்டம். அந்த வெற்றியில் ஆலிஸுக்கு எவ்வளவு பங்கு என்பதை அந்தக் காலப் பத்திரிகைகள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

நாட்டின் சிறந்த வீரர்களைப் பொறுக்கி ஆண்டுதோறும் ஆல்-அமெரிக்கா அணியை அறிவிக்கும் பழக்கம் 1889-ல் தொடங்கியது. பத்திரிகையாளர் காஸ்பர் விட்னியோடு சேர்ந்து அதை நிலைநிறுத்தியவரும் இவர்தான். புத்தகங்களும் கட்டுரைகளும் எழுதிக் குவித்தார். கிழக்குக் கடற்கரைக் கல்லூரி ஆட்டம் நாட்டின் ஆட்டமாக மாறியது.

18 மரணங்கள்

இந்தக் கதையின் இருட்டுப் பக்கமும் கேம்ப்பின் விதியில்தான் தொடங்குகிறது. இடுப்புக்குக் கீழே பிடித்து வீழ்த்தலாம் என்று 1888-ல் அனுமதி கொடுத்தார்கள். தனியாக ஓடுபவரை நிறுத்துவது சுலபமாகிவிட்டது. அதனால் அணிகள் கூட்டமாக, ஆப்பு வடிவத்தில் மோத ஆரம்பித்தன. தலைக்கவசம் கட்டாயம் இல்லாத காலம் அது. எலும்புகள் உடைந்தன, மண்டைகள் உடைந்தன.

விமர்சனம் எழுந்தபோது கேம்ப் முன்னாள் வீரர்களிடம் கருத்துக் கேட்டு 1894-ல் ஒரு புத்தகம் போட்டார். ஆட்டம் உடலுக்கு நல்லது என்பதே அதன் முடிவு. பாதகமான பதில்களை அவர் ஒதுக்கிவிட்டார் என்று பின்னாளில் வரலாற்றாசிரியர்கள் குற்றம் சாட்டினார்கள். யேல் விளையாட்டுக் கணக்கில் சுமார் ஒரு லட்சம் டாலர் சேமிப்பு நிதி அவர் கட்டுப்பாட்டில் இருந்ததும் 1905 வாக்கில் அம்பலமானது. பணத்துக்காக ஆடக் கூடாது என்று ஊருக்கு உபதேசம் செய்தவருக்கு அது சங்கடமான செய்தி.

1905 சீசனில் மட்டும் 18 பேர் இறந்ததாக சிகாகோ டிரிப்யூன் கணக்குச் சொன்னது. இறந்தவர்களில் பள்ளிப் பையன்களே அதிகம். அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் அக்டோபரில் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். கேம்ப்பும் போனார். ஒழுங்காக ஆடுவோம் என்று உறுதி கொடுத்தார்கள். மரணங்கள் நிற்கவில்லை. ஆண்டு முடிவதற்குள் 62 கல்லூரிகள் தனியாகக் கூடி ஒரு புதிய அமைப்பைத் தொடங்கின. அதுதான் இன்றைய என்.சி.ஏ.ஏ. கேம்ப்பின் விதிக் குழு அதோடு இணைய வேண்டிவந்தது.

1906-ல் பந்தை முன்னோக்கி எறியலாம் என்ற விதி வந்தது. இன்று ஹைலைட்ஸில் நாம் வாயைப் பிளந்து பார்க்கும் அந்த நீண்ட பாஸ் இப்படித்தான் பிறந்தது. கேம்ப்புக்கு அதில் விருப்பமே இல்லை. அவர் முன்வைத்தது 5 யார்டை 10 யார்டாக்கும் விதி. இரண்டும் சேர்ந்துதான் ஆட்டத்தைக் காப்பாற்றின.

ஒரு சுவாரசியமான கிளைக்கதை: கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அதே 1906-ல் இந்த ஆட்டமே வேண்டாம் என்று ரக்பிக்குத் திரும்பின. ஸ்டான்ஃபோர்டு அணிக்கு ஒருகாலத்தில் கோச்சாக இருந்தவரே கேம்ப்தான். சில ஆண்டுகளில் மனசு மாறி மீண்டும் வந்துவிட்டார்கள். ஆனால் அந்த ரக்பி அனுபவத்தால் 1920, 1924 ஒலிம்பிக்கில் ரக்பி தங்கம் வாங்கியது அமெரிக்கா. பாரிஸில் பிரான்ஸை 17-3 என்று வீழ்த்தினார்கள். அதற்கப்புறம் 15 பேர் ஆடும் ரக்பி ஒலிம்பிக்கில் நடக்கவே இல்லை.

ஹோட்டல் அறையில் முடிந்த கதை

முதல் உலகப்போரின்போது கடற்படை வீரர்களுக்கு உடற்பயிற்சி கொடுக்கும் பொறுப்பு கேம்ப்புக்கு வந்தது. 12 எளிய பயிற்சிகளைத் தொகுத்தார். டெய்லி டசன் என்ற பெயரில் அது கிராமஃபோன் தட்டாக வந்து வீடு வீடாகப் போனது. இன்றைய யூடியூப் ஒர்க்அவுட் வீடியோவுக்கு முன்னோடி.

1925 மார்ச்சில் விதிக் குழுக் கூட்டத்துக்காக நியூயார்க் வந்திருந்தார். 14-ம் தேதி காலை கூட்டத்துக்கு அவர் வரவில்லை. ஹோட்டல் அறையில் தூக்கத்திலேயே இறந்திருந்தார். வயது 65.

அதே 1925-ல்தான் பால் ரஷ் என்ற அமெரிக்கர் டோக்கியோ போய் இறங்கினார். 1923 நிலநடுக்கத்தில் இடிந்த ஒய்.எம்.சி.ஏ. கட்டடங்களை மீண்டும் கட்டும் வேலை. அங்கேயே தங்கி ரிக்கியோ பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். அமெரிக்காவில் பிறந்த ஜப்பானிய வம்சாவளி மாணவர்கள் அங்கே படிக்க வந்து, உள்ளூர்ப் பையன்களோடு ஒட்ட முடியாமல் தவித்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த ஆட்டம் இது. 1934-ல் ரிக்கியோ, வசேதா, மெய்ஜி மூன்றையும் சேர்த்து லீக் தொடங்கினார் ரஷ். போர்க் காலத்தில் ஆங்கிலப் பெயர் கூடாது என்று கவசப் பந்து என்ற பொருளில் ஜப்பானியப் பெயர் வைத்தார்கள். பிறகு ஆட்டமே நின்றது. போர் முடிந்து 1947-ல் கோஷியன் பௌல் தொடங்கியது. இன்று கம்பெனி அணிகளே இருக்கின்றன. 1999, 2003 உலகக் கோப்பைகள் ஜப்பானுக்குத்தான். அமெரிக்கா அப்போது கலந்துகொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிடணும். 2007-ல் வந்து, இறுதிப் போட்டியில் ஜப்பானை 23-20 என்று திணறித்தான் ஜெயித்தார்கள்.

கனடாவின் கதை வேறு. அமெரிக்காவுக்கு ரக்பி கற்றுக்கொடுத்தவர்கள் பின்னால் கேம்ப்பின் யோசனைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டார்கள், முழுசாக இல்லை. அங்கே அணிக்கு 12 பேர், முயற்சிகள் மூன்றுதான். 1909-ல் தொடங்கிய கிரே கோப்பை இன்றும் நடக்கிறது. அமெரிக்க லீக்கையும் பார்ப்பார்கள், தங்கள் விதியையும் விட மாட்டார்கள்.

பிரிட்டனின் கால்பந்தும் கிரிக்கெட்டும் கப்பலில், ரயில்வே கம்பெனிகளில், மிஷன் பள்ளிகளில் ஏறி உலகம் சுற்றின. கேம்ப்பின் ஆட்டம் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே வளர்ந்தது. வெளியே கொண்டுபோனவர்கள் மாணவர்களும் ராணுவ வீரர்களும்தான். ஜெர்மனியில் அமெரிக்க ராணுவ முகாம்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் 1977-ல் ஃபிராங்ஃபர்ட்டில் முதல் கிளப்பைத் தொடங்கினார்கள். என்.எஃப்.எல். நடத்திய ஐரோப்பிய லீக் 2007-ல் மூடப்பட்டபோது அதன் ஆறு அணிகளில் ஐந்து ஜெர்மனியில் இருந்தன. 2022-ல் மியூனிக்கில் முதல் என்.எஃப்.எல். லீக் ஆட்டம் நடந்தபோது அரங்கமே சேர்ந்து பாடிய வீடியோ உங்கள் டைம்லைனிலும் வந்திருக்கும்.

பிரிட்டனில் 1982-ல் சேனல் 4 காட்டத் தொடங்கிய பிறகுதான் ஒரு ரசிகர் கூட்டம் உருவானது. அங்கே இது பொழுதுபோக்கு, ஊர்ப் பாசம் இல்லை. ஆஸ்திரேலியாவில் பார்ப்பதைவிட வேலைக்குப் போவது பிரபலம். ரக்பி லீக் ஆடிக்கொண்டிருந்த ஜோர்டன் மைலாட்டா 2018-ல் ஃபிலடெல்ஃபியா அணியில் சேர்ந்து, 2025-ல் சூப்பர் பௌல் வென்றார்.

மெக்சிகோவுக்கு இது பக்கத்து வீட்டு ஆட்டம். தலைநகரின் இரண்டு பெரிய பல்கலைக்கழகங்கள் தலைமுறைகளாக இதில் மோதுகின்றன. 2005-ல் அஸ்டெகா அரங்கில், அமெரிக்காவுக்கு வெளியே நடந்த முதல் என்.எஃப்.எல். லீக் ஆட்டத்துக்கு வந்தவர்கள் 1,03,467 பேர்.

2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் இதன் இளைய வடிவமான ஃபிளாக் ஃபுட்பால் சேர்க்கப்பட்டிருக்கிறது. அணிக்கு ஐந்து பேர். யாரையும் இடித்து வீழ்த்தக் கூடாது, இடுப்பில் தொங்கும் துணியைப் பிடுங்கினால் போதும். கேம்ப்பின் டவுன் மட்டும் அப்படியே இருக்கிறது. 2022-ல் அலபாமாவில் நடந்த உலக விளையாட்டுப் போட்டியில் இந்த ஆட்டத்தின் பெண்கள் இறுதிப் போட்டி: மெக்சிகோ 39, அமெரிக்கா 6.