தரை துடைத்த மருத்துவமனையில் செவிலியரானவர்

ஒரு மருத்துவமனைக்குள் நுழைந்ததும் துடைப்பம் யார் கையில் இருக்கிறது, ஊசி யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். அந்த நாட்டின் கதை பாதி விளங்கிவிடும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரே மருத்துவமனையில் முதலில் துடைப்பத்தையும், பதினைந்து ஆண்டுகள் கழித்து ஊசியையும் பிடித்த பெண் மேரி எலைசா மகோனி. முறையான பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கச் செவிலியர் என்று வரலாறு அவரைக் குறிப்பிடுகிறது. செவிலியர் படிப்பு படிக்கும் மாணவிகளுக்கு இந்தப் பெயர் பழக்கமானதாக இருக்கலாம். அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் நடந்தவை அதிகம் பேசப்படுவதில்லை.

மகோனி 1845இல் பாஸ்டனை ஒட்டிய டார்செஸ்டர் பகுதியில் பிறந்தார். பெற்றோர் தெற்கே வட கரோலினாவில் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டுப் பிழைப்புக்காக வடக்கே வந்தவர்கள். பாஸ்டன் அமைந்துள்ள மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அப்போது அடிமை முறை இல்லை. அதனால் அங்கே சமத்துவம் இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிக்கூடம்தான். சாரா ராபர்ட்ஸ் என்ற சிறுமி, வீட்டருகே இருந்த ஐந்து வெள்ளையர் பள்ளிகளைத் தாண்டித் தன் பள்ளிக்கு நடக்க வேண்டியிருந்தது. அவளுடைய தந்தை நகர நிர்வாகத்தின் மீது வழக்குப் போட்டார். வழக்கு தோற்றது. ஆனால் பாஸ்டன் கறுப்பின மக்கள் விடவில்லை. மனு மேல் மனு கொடுத்தார்கள், தனிப் பள்ளியைப் புறக்கணித்தார்கள். 1855இல் நிற அடிப்படையில் பள்ளிகளைப் பிரிக்கக் கூடாது என்று மாநிலத்தில் சட்டமே வந்தது.

அப்போது மேரிக்கு வயது பத்து. இரு இனப் பிள்ளைகளும் சேர்ந்து படித்த பிலிப்ஸ் பள்ளியில் அவர் சேர்ந்தார். பின்னாளில் செவிலியர் பயிற்சிக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருப்பது முதல் தகுதியாக வைக்கப்பட்டபோது, அந்தத் தகுதி அவரிடம் இருந்தது. யாரோ ஒரு தந்தை தோற்ற வழக்குக்கு இப்படியும் ஒரு பலன்.

1862இல் பாஸ்டனில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான நியூ இங்கிலாந்து மருத்துவமனை தொடங்கப்பட்டது. பெர்லினில் பிறந்து, பேறுகாலத் தாதியாகப் பயின்று, அமெரிக்காவில் குடியேறி மருத்துவரான மேரி சக்ரெவ்ஸ்கா இதன் நிறுவனர். ஆண்கள் நடத்திய மருத்துவமனைகளில் பெண் மருத்துவர்களுக்குப் பயிற்சி இடம் கிடைக்காத காலம் அது. ஆகவே பெண்களே நடத்தி, பெண் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் பயிற்சி தரும் மருத்துவமனையை அவர் உருவாக்கினார்.

அங்கே மகோனி வேலைக்குப் போனபோது அவருக்கு இருபது வயதுகூட ஆகியிருக்காது. சமையல், சலவை, தரை துடைப்பது என்று சுமார் பதினைந்து ஆண்டுகள் உழைத்தார். ஆள் போதாத நேரங்களில் நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பது, துடைத்துவிடுவது, கஞ்சி புகட்டுவது போன்ற செவிலியர் வேலைகளிலும் உதவினார். எந்த மருத்துவமனையிலும் கடைநிலை ஊழியர்கள் கையில் இப்படி எத்தனையோ வேலைகள் வந்து விழும். வேலை தெரியும், ஆனால் வேலைக்கான பெயர் கிடையாது.

1873இல் அதே மருத்துவமனையில் பயிற்சி முடித்து வெளியே வந்தவர் லிண்டா ரிச்சர்ட்ஸ். அமெரிக்காவில் பயிற்சி பெற்ற முதல் செவிலியர் என்று அவரைச் சொல்கிறார்கள். வெள்ளைப் பெண். லிண்டா அந்தச் சான்றிதழை வாங்கியபோது மகோனி அதே கட்டடத்தில்தான் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். இதே 1873இல்தான் மகாராஷ்டிரத்தில் மகாத்மா ஜோதிராவ் புலே, அடிமைத்தனம் பற்றிய தமது 'குலாம்கிரி' நூலை, கறுப்பின அடிமைகளை விடுவிக்கப் போராடிய அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அங்கே சங்கிலி அறுந்துவிட்டது என்று புலே மகிழ்ந்த காலத்தில், சங்கிலி அறுந்தவர்களுக்கு என்ன வேலை கிடைத்தது என்பதை மகோனியின் வாழ்க்கை காட்டுகிறது.

1878இல் மகோனிக்குப் பயிற்சியில் இடம் கிடைத்தது. வயது 33. வயது வரம்பையும் தாண்டியிருந்தார். பதினைந்து ஆண்டு உழைப்பைப் பார்த்திருந்த மருத்துவர்கள்தான் அந்த வரம்பைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று தோன்றுகிறது. ஆனால் இதை மருத்துவமனையின் தாராள மனசு என்று மட்டும் எழுதிவிட முடியாது. ஓர் ஆண்டில் ஒரு கறுப்பினப் பெண்ணையும் ஒரு யூதப் பெண்ணையும் மட்டுமே சேர்ப்பது அந்தப் பள்ளியின் வழக்கம். அதே ஆண்டில் கரோலின் ஸ்டில் என்ற கறுப்பின மருத்துவர் அங்கே பயிற்சி மருத்துவராக விண்ணப்பித்தார். நிறத்தைக் காரணமாக வைத்து முதலில் மறுத்தார்கள். அவர் நேரில் போய் நிர்வாகக் குழு முன் நின்ற பிறகுதான் இடம் கொடுத்தார்கள். ஆண்களால் ஒதுக்கப்பட்ட பெண்கள் கட்டிய நிறுவனத்திலேயே இதுதான் நிலைமை.

பயிற்சி பதினாறு மாதம். விடியற்காலையில் தொடங்கினால் இரவு ஒன்பதைத் தாண்டும். பொது மருத்துவம், அறுவைச் சிகிச்சை, பேறுகாலம் என்று பிரிவு பிரிவாக மாற்றி மாற்றிப் போடுவார்கள். நடுநடுவே மருத்துவர்களின் வகுப்புகள் இருக்கும். கடைசி நான்கு மாதம் நோயாளிகளின் வீடுகளுக்கே அனுப்பிப் பணி செய்ய வைப்பார்கள். அந்த அணியில் சேர வந்தவர்கள் சுமார் நாற்பது பேர். சான்றிதழோடு வெளியே வந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். 1879 ஆகஸ்ட் 1 அன்று அவர்களில் ஒருவராக மகோனி நின்றார். உயரம் ஐந்தடிக்கும் குறைவு, ஒடிசலான தேகம்.

சான்றிதழ் கிடைத்தாலும் மருத்துவமனை வேலை அவருக்கு அமையவில்லை. பயிற்சி பெற்ற செவிலியர்கள் பெரும்பாலும் வசதியான வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்த்த காலம் அது. கறுப்பினச் செவிலியருக்கு வேறு வழியும் அதிகம் இல்லை. மகோனி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அந்த வேலையைச் செய்தார். அவருடைய திறமை பல மாநிலங்களில் பேசப்பட்டு, தொலைவிலிருந்தும் அழைப்பு வந்தது.

அந்த வீடுகளில் ஒரு சிக்கல் இருந்தது. வந்திருப்பவர் கறுப்பினப் பெண் என்றால், நோயாளியைப் பார்ப்பதோடு துணி துவைக்கவும் சமைக்கவும் ஏவினார்கள். வேலைக்காரர்களில் ஒருவராகவே எண்ணினார்கள். மகோனி சாப்பாட்டு வேளையில் வேலைக்காரர்களோடு உட்காரவில்லை, சமையலறையில் தனியாகச் சாப்பிட்டார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். எனக்கு இது நெருடுகிறது. பதினைந்து ஆண்டு துடைப்பம் பிடித்தவர், துடைப்பம் பிடிப்பவர்களோடு அமர மறுக்கிறாரே என்று தோன்றுகிறது. ஆனால் படித்து வாங்கிய தொழிலை அந்த வீட்டுக்காரர்கள் ஒரு நொடியில் அழித்துவிடக்கூடிய இடத்தில் அவர் இருந்தார். அதைக் காப்பாற்ற அவருக்குக் கிடைத்த வழி அது ஒன்றுதான் போலும். வெள்ளைச் செவிலியர் யாரும் இப்படித் தனித்துச் சாப்பிட்டுத் தன் தொழிலை நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை.

இதற்கிடையே கறுப்பின மக்கள் தங்களுக்கெனப் பயிற்சிப் பள்ளிகளைத் தொடங்கியிருந்தார்கள். எம்மா ரெனால்ட்ஸ் என்ற இளம்பெண்ணுக்குச் சிகாகோவில் எந்தச் செவிலியர் பள்ளியும் இடம் தரவில்லை. அதைக் கேட்ட டாக்டர் டேனியல் ஹேல் வில்லியம்ஸ் 1891இல் பிராவிடண்ட் மருத்துவமனையை அமைத்து, அதிலேயே பயிற்சிப் பள்ளியும் வைத்தார். இப்படி ஆட்கள் தயாராகத் தயாராக, தடுப்பும் புதிய உருவம் எடுத்தது.

1903 முதல் ஒவ்வொரு மாநிலமாகச் செவிலியர் பதிவுச் சட்டம் வந்தது. தேர்வெழுதிப் பதிவு செய்தவரே பதிவுபெற்ற செவிலியர். அரைகுறைப் பயிற்சியோடு நோயாளியைத் தொடக் கூடாது என்ற நோக்கம் நல்ல நோக்கம்தான். ஆனால் தென் மாநிலங்கள் சில, கறுப்பினச் செவிலியர்களைத் தேர்வெழுத விடாமல் தடுத்தன. பிறகு 1916இல் அமெரிக்கச் செவிலியர் சங்கம் ஒரு விதியை மாற்றியது. சங்கத்தில் நேரடியாகச் சேர முடியாது, அவரவர் மாநிலச் சங்கத்தின் வழியாகத்தான் சேர முடியும் என்றது. அந்த விதியில் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. படித்தால் சாதாரண நிர்வாக ஏற்பாடு போலத்தான் தெரியும். தென் மாநிலச் சங்கங்கள் கறுப்பினத்தவரைச் சேர்ப்பதில்லை என்ற நடைமுறையோடு சேர்த்துப் படித்தால்தான் அதன் விளைவு புரியும். ஒரே கையெழுத்தில் தெற்கின் கறுப்பினச் செவிலியர்கள் தேசியச் சங்கத்துக்கு வெளியே நின்றார்கள்.

மருத்துவர் படிப்பிலும் இதுவே நடந்தது. 1910இல் ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் என்ற கல்வியாளர் மருத்துவக் கல்லூரிகளின் தரம் பற்றி அறிக்கை கொடுத்தார். அப்போது இருந்த ஏழு கறுப்பின மருத்துவக் கல்லூரிகளில் ஹோவர்ட், மெஹாரி ஆகிய இரண்டை மட்டும் காப்பாற்றினால் போதும் என்றார் அவர். மற்ற ஐந்தும் அடுத்த சில ஆண்டுகளில் மூடப்பட்டன. தரத்தைக் கூட்டுவது என்ற பெயரில் வாசலைக் குறுக்கிவிட்டு, உள்ளே ஆள் வரவில்லையே என்று பிறகு கேட்பது எங்கும் நடக்கிற கதை.

இந்தத் தடைகளை எதிர்கொள்ள அமைப்பாகத் திரள வேண்டும் என்று முதலில் கிளம்பியவர் மார்த்தா ஃபிராங்க்ளின். தம் வகுப்பில் ஒரே கறுப்பின மாணவியாக இருந்து படித்தவர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்களைத் தம் கையாலேயே எழுதி, நாடெங்கும் இருந்த கறுப்பினச் செவிலியர்களுக்கு அனுப்பினார். 1908 ஆகஸ்டில் நியூயார்க்கில் 52 பேர் கூடினார்கள். கறுப்பினப் பட்டதாரிச் செவிலியர்களின் தேசியச் சங்கம் அப்படிப் பிறந்தது.

மறு ஆண்டு முதல் மாநாடு பாஸ்டனில். வரவேற்றுப் பேசியவர் மகோனி. அவருக்கு அப்போது 64 வயது. முதல்வர் என்ற பெருமையோடு ஆசி வழங்கிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. தாம் படித்த காலத்தில் நிலவிய பாகுபாட்டையும், முப்பது ஆண்டு கழித்தும் பயிற்சிப் பள்ளிகளில் அது நீடிப்பதையும் எடுத்துச் சொன்னார். தம்மை உருவாக்கிய நியூ இங்கிலாந்து மருத்துவமனையே இன்னும் அதிகக் கறுப்பின மாணவிகளைச் சேர்க்க வேண்டும், அதற்காகக் குரல் எழுப்ப வேண்டும் என்றார். தமக்குச் சான்றிதழ் தந்த நிறுவனம் என்பதால் அவர் நன்றியோடு வாய்மூடிக் கிடக்கவில்லை. சங்கம் அவருக்கு ஆயுள் உறுப்பினர் தகுதியும், சமய வழிபாட்டை நடத்தும் பொறுப்பும் கொடுத்தது.

1911இல் நியூயார்க் மாநிலத்தில் ஆதரவற்ற கறுப்பினக் குழந்தைகளுக்கான ஹோவர்ட் இல்லத்தின் பொறுப்பை ஏற்று ஓராண்டு போல நடத்தினார். திருமணம் செய்துகொள்ளவில்லை. பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்ற போராட்டத்தை ஆதரித்தார். 1920இல் அந்த உரிமை வந்ததும், 75 வயதில் பாஸ்டனில் வாக்காளராகப் பதிவு செய்த முதல் பெண்களில் ஒருவரானார்.

அதற்கு முன்பே முதல் உலகப் போர் வந்து போயிருந்தது. காயம்பட்ட சிப்பாய்களைப் பார்க்கக் கறுப்பினச் செவிலியர்கள் பெயர் கொடுத்தார்கள். ராணுவம் ஏற்கவில்லை. 1918இல் விஷக்காய்ச்சல் பரவி முகாம்களில் ஆள் ஆளாகச் சாய்ந்த பிறகு 18 பேரை எடுத்தார்கள். அவர்கள் பணியில் சேர்ந்தபோது போரே முடிந்துவிட்டது.

மகோனிக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. 1926 ஜனவரி 4 அன்று, தாம் ஒரு காலத்தில் தரை துடைத்த நியூ இங்கிலாந்து மருத்துவமனையிலேயே இறந்தார். பாஸ்டனுக்கு அருகே எவரெட் என்ற ஊரின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.

பத்து ஆண்டு கழித்து, 1936இல், கறுப்பினச் செவிலியர் சங்கம் அவர் பெயரில் ஒரு விருதை ஏற்படுத்தியது. செவிலியர் தொழிலில் எல்லா இனத்தவருக்கும் சம வாய்ப்பு கிடைக்கப் பாடுபட்டவர்களுக்கு அது தரப்பட்டது. அப்படிப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் மேபல் ஸ்டாபர்ஸ். இரண்டாம் உலகப் போரின்போது 1941இல் ராணுவம் கறுப்பினச் செவிலியர்களுக்கு 56 இடம் மட்டும் ஒதுக்கியது. எடுக்கப்பட்டவர்களில் பலரை, பிடிபட்ட ஜெர்மன் போர்க் கைதிகளைப் பார்க்கும் வேலையில் போட்டது. 1945 ஜனவரியில் செவிலியர் பற்றாக்குறை முற்றியது. கட்டாய ஆள்சேர்ப்பு வரப்போவதாக அதிபர் ரூஸ்வெல்ட் அறிவித்தார். பயிற்சி முடித்து வேலைக்குக் காத்திருக்கும் ஆயிரக்கணக்கான கறுப்பினச் செவிலியர்களை விட்டுவிட்டு யாரைக் கட்டாயப்படுத்துகிறீர்கள் என்று ஸ்டாபர்ஸ் கேட்டார். நாடெங்கும் இருந்து கண்டனத் தந்திகள் குவிந்தன. அந்த மாதமே ஒதுக்கீட்டு உச்சவரம்பை ராணுவம் கைவிட்டது.

1948இல் அமெரிக்கச் செவிலியர் சங்கம் தன் விதியைத் தளர்த்தி, மாநிலச் சங்கம் மறுத்தாலும் நேரடியாகச் சேரலாம் என்றது. 1951இல் கறுப்பினச் செவிலியர் சங்கம் தன் வேலை முடிந்ததாகக் கருதித் தன்னைக் கலைத்துக்கொண்டது. மகோனி விருதை வழங்கும் பொறுப்பு அமெரிக்கச் செவிலியர் சங்கத்துக்குப் போனது.

அந்த விருதை வாங்கியவர்களில் ஒருவர் ஹெலன் மில்லர். மகோனியின் கல்லறைக்கு ஏற்ற நினைவுச்சின்னம் இல்லை என்பது அவருக்கு உறுத்தலாக இருந்தது. செவிலியர் அமைப்புகளிடம் ஆதரவு திரட்டினார். 1973இல் எவரெட் கல்லறைத் தோட்டத்தில் நினைவுச்சின்னம் எழுந்தது. மகோனி இறந்து அப்போது 47 ஆண்டுகள் ஆகியிருந்தன.