பெனெடிக்ட் பிரெவோ

ஐசாக்-பெனெடிக்ட் பிரெவோ (1755 - 1819) ஜெனீவாவில் பிறந்து, தெற்கு பிரான்சின் மோந்தோபான் நகரில் வாழ்ந்த இயற்கையியலாளரும் மெய்யியல் பேராசிரியரும் ஆவார். கோதுமையைத் தாக்கும் நாற்றக் கரிப்பூட்டை நோய்க்கு நுண்ணிய பூஞ்சை ஒன்றே காரணம் என்பதை 1807 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் சோதனைகளுடன் விளக்கினார். விதைகளைச் செப்பு சல்பேட்டு (மயில்துத்தம்) கரைசலில் நேர்த்தி செய்தால் இந்நோயைத் தடுக்கலாம் என்பதையும் அந்நூலில் காட்டினார்.

வாழ்க்கை

பிரெவோ பல்கலைக்கழகத்தில் பயின்றவர் அல்லர். பெரும்பாலும் தாமே கற்றுத் தேர்ந்தவர். இளம் வயதில் மோந்தோபானுக்குச் சென்று, அங்கு ஒரு வணிகக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்தார். ஓய்வு நேரத்தை இயற்கை ஆய்வுகளில் செலவிட்டார். நன்னீரில் வாழும் கைரோசெபாலஸ் என்னும் ஓட்டுடலிப் பேரினத்தை 1803 இல் விவரித்தவரும் இவரே. 1810 இல் மோந்தோபானின் புரட்டஸ்தாந்து இறையியல் கல்விக்கூடத்தில் மெய்யியல் பேராசிரியரானார். 1819 இல் அந்நகரிலேயே காலமானார்.

கரிப்பூட்டை நோய்

இந்நோய் தாக்கிய கோதுமை மணியின் உட்பகுதி முழுவதும் கரிய தூளாக மாறிவிடும். அத்தூள் அழுகிய மீனைப் போல நாறும். கதிரடிக்கும்போது நோயுற்ற மணிகள் உடைந்து, தூள் நல்ல மணிகளின் மீதும் படியும். அம்மணிகளை அரைத்த மாவு கறுத்து நாற்றமடிக்கும். அவற்றையே விதைத்தால் அடுத்த பருவமும் பாழாகும்.

மூடுபனியும் கெட்ட மண்ணும் போன்றவையே இதற்குக் காரணம் என்று உழவர் பலர் நம்பினர். கரிய தூளே நோயைப் பரப்புகிறது என்று மாத்தியூ டில்லே என்ற பிரெஞ்சு அறிஞர் வயல் சோதனைகள் மூலம் கண்டறிந்து, 1755 இல் வெளியிட்டார். ஆனால் அத்தூளில் ஒருவகை நஞ்சு இருப்பதாகவே அவர் கருதினார்.

ஆய்வு

பிரெவோ அத்தூளை நீரிலிட்டு நுண்ணோக்கியால் கவனித்தார். தூளின் ஒவ்வொரு துகளும் விதை போல முளைத்ததைக் கண்டார். எனவே அவை உயிருள்ள ஒரு நுண்தாவரத்தின் வித்துகள் என்றும், முளைத்து வரும் இளம் கோதுமைப் பயிருக்குள் அவை நுழைகின்றன என்றும் முடிவு செய்தார். அக்காலத்தில் பூஞ்சைகள் தாவரங்களாகவே கருதப்பட்டன.

செம்பு பட்ட நீரில் வித்துகள் சரியாக முளைக்காததையும் இவர் கண்டார். மிகச் சிறிய அளவு செம்புகூட அவற்றின் முளைப்பைத் தடுத்தது. இதனைத் தொடர்ந்து, விதைப்பதற்கு முன் கோதுமையைச் செப்பு சல்பேட்டு கரைசலில் நனைக்கும் முறையைப் பரிந்துரைத்தார். உழவர்கள் ஏற்கெனவே உப்புநீர், சுண்ணாம்பு ஆகியவற்றைப் பயன்படுத்தி வந்தனர். ஆனால் நோய்க்கான உயிரியைக் கண்டறிந்து, அதன் முளைப்பைத் தடுக்கும் பொருளை நுண்ணோக்கிச் சோதனையால் தேர்ந்தெடுத்தது பிரெவோவின் தனிச்சிறப்பாகும்.

புறக்கணிப்பும் ஏற்பும்

பிரெஞ்சு அறிவியல் வட்டாரங்கள் இவரது முடிவை ஏற்கவில்லை. நோயுற்ற தாவரத் திசுவிலிருந்து பூஞ்சைகள் தாமாகவே தோன்றுகின்றன என்ற தன்னிச்சைத் தோற்றக் கொள்கை அப்போது வலுவாக இருந்தது. அதன்படி, பூஞ்சை நோயின் விளைவே அன்றி அதன் காரணம் அன்று. பிரெவோ தம் வாழ்நாளில் இதற்கான அங்கீகாரத்தைப் பெறவில்லை.

ஆயினும் செப்பு சல்பேட்டு விதை நேர்த்தி 19 ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய உழவர்களிடையே பரவியது. டுலான் சகோதரர்கள் 1847 இல் கரிப்பூட்டை வித்துகள் முளைப்பதை உறுதிப்படுத்தினர். அன்டன் டி பாரி 1853 இல் கரிப்பூட்டை, துரு ஆகிய நோய்களுக்குப் பூஞ்சைகளே காரணம் என நிறுவினார். பூஞ்சை இளம் நாற்றினுள் நுழைவதை யூலியஸ் கூன் 1858 இல் விளக்கினார்.

செப்பு சல்பேட்டு அளவு மிகுந்தால் விதையின் முளைப்புத் திறனையும் குறைக்கும். எனவே 20 ஆம் நூற்றாண்டில் செப்பு கார்பனேட்டுத் தூளும், பின்னர் பிற பூஞ்சைக்கொல்லிகளும் அதன் இடத்தைப் பிடித்தன. எனினும் விதையின் மேலுள்ள வித்துகளை விதைப்புக்கு முன்பே தடுக்கும் அடிப்படை முறை மாறவில்லை.

பிரெவோவின் நூல் 1939 இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டது. இப்பூஞ்சைப் பேரினத்திற்கு டுலான் சகோதரர்கள் சூட்டிய டில்லேசியா என்ற பெயர் பிரெவோவை அன்றி, டில்லேயை நினைவுகூர்கிறது.