டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்

கடலூர், சிதம்பரம் ஆகிய ஊர்ப்புறங்களில் வாழ்வோர்க்கு யானைக்கால் நோய் புதியதன்று. அந்நோயை ஒழித்தற்பொருட்டு, 1990-களில், கடலூர் மாவட்டத்தில் ஆண்டுக்கொரு முறை வீடுதோறும் டை-எத்தில்-கார்பமஸீன் என்னும் மாத்திரை வழங்கத் தொடங்கினர். அதனை உட்கொண்டோர் பல்லாயிரவர். அதனைத் தந்த பெருமகனாரின் பெயரை அறிந்தோரோ மிகச் சிலர். அவர்தம் வரலாற்றைச் சுருங்க வரைய யாம் விழைகின்றோம்.

டாக்டர் சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12-ஆம் நாள், அந்நாளிற் சென்னை மாகாணத்தைச் சார்ந்திருந்த பீமவரத்திற் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தவறி, மூன்றாம் முறை தேறினார். பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியிலும் மருத்துவக் கல்லூரியிலும் பயின்றார். காந்தியடிகளின் நெறிநின்று அறுவை மருத்துவ அறையிற் கதராடை அணிந்தமையால் பேராசிரியரின் சினத்திற்கு ஆளாயினார், எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டாது, அதனிற் குறைந்த எல்.எம்.எஸ். பட்டமே கிட்டியது. தமையனார் ஒருவர் ஸ்ப்ரூ என்னும் கழிச்சல் நோயால் மாண்டார். உண்ட உணவு உடலிற் சேராது குருதியை வற்றச் செய்யும் அந்நோய்க்கு அக்காலத்தில் தக்க மருந்தில்லை. அத்துயரம் இவர் உள்ளத்தை விட்டு அகலவேயில்லை.

1920-களில் அமெரிக்கா சென்று பாஸ்டன் நகரை அடைந்தார். பகலில் ஹார்வர்டிற் கல்வி. இரவில் மருத்துவமனையொன்றில் நோயாளரின் சிறுநீர்க் கலங்களைத் தூய்மை செய்யும் ஊழியம். ஃபிஸ்க் என்னும் அறிஞருடன் கூடி, 1927-இல் தசையிலுள்ள பாஸ்போகிரியாட்டினையும், 1929-இல் உயிரணுக்களின் ஆற்றற் கருவூலமாகிய ஏ.டி.பி.யையும் கண்டறிந்தார். எனினும் ஆங்கு நிலையான பதவி வாய்க்கவில்லை. 1940-இல் லெடர்லே ஆய்வகத்திற் சேர்ந்தார். இவர் வழிநடத்திய குழுவினர் ஃபோலிக் அமிலம் என்னும் வைட்டமினைச் செயற்கையாக ஆக்கினர். அது ஸ்ப்ரூ நோயாளரின் குருதிச் சோகையைத் தீர்த்தது. தமையனைக் காக்க இயலாதவர், பிறர்தம் தமையன்மாரைக் காத்தார்.

அவ்வைட்டமின் உடலிற் பயன்படுமாற்றை ஈண்டு உற்றுநோக்குதல் தகும். ஒரு பொருள் எலக்ட்ரானை இழத்தல் ஆக்ஸிஜனேற்றம், பெறுதல் ஒடுக்கம். ஒன்று இழப்பின் மற்றொன்று பெறுதல் வேண்டும். இக்கொடுக்கல் வாங்கலை விரைவுபடுத்துவன நொதிகள். எலக்ட்ரான்களைச் சுமந்து வருவன துணைநொதிகள். கடலூர் முதுநகரின் உப்பனாற்றில் ஆளேற்றிவரும் படகு, துறையில் அவர்களை இறக்கிவிட்டு, வெறும் படகாய் மீண்டு, மறுபடியும் ஏற்றி வருதல் போல்வது துணைநொதியின் தொழில், நொதியே துறை. என்.ஏ.டி.பி.எச். என்னும் படகு, ஹைட்ரஜனோடு இரண்டு எலக்ட்ரான்களைக் கொணர்கின்றது. டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் என்னும் துறையில் அவற்றை ஃபோலேட்டிடம் ஒப்புவிக்கின்றது. இவ்வாறு ஒடுக்கமுற்ற ஃபோலேட்டின்றி, உயிரணு பெருகுதற்கு வேண்டும் மரபுப்பொருளை ஆக்கவியலாது.

உயிரணு பெருகாமையால் சோகை வருமெனின், மிகைபடப் பெருகும் குருதிப் புற்றுநோயை அவ்வழியை அடைத்தே தடுக்கலாமன்றோ? இவர் குழுவினர் ஃபோலிக் அமிலத்தை ஒத்த போலிப்பொருளாகிய அமினாப்டெரினை ஆக்கினர். அது மேற்கூறிய நொதியை இறுகப் பற்றிக்கொள்ளும். படகு வந்தும் துறையில் இறங்க இடமிராது. இதன் நுட்பம் இவர் மறைந்த பின்னரே நன்கு விளங்கிற்று. பாஸ்டனில் டாக்டர் ஃபார்பர் அம்மருந்தைப் புற்றுநோயுற்ற குழந்தைகட்கு அளித்தார். சிலரிடத்து நோய் சிறிது காலம் தணிந்ததென 1948-இல் வெளியிட்டார். முழுக் குணமன்றாயினும், நம்பிக்கையே அற்றிருந்த இடத்தில் முதல் ஒளி அஃதே. அதன் உடன்பிறப்பாகிய மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் பயன்படுகின்றது.

யானைக்கால் மருந்தும் 1947-இல் இவர் தலைமையிலேயே வெளிப்போந்தது. மறு ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், தம் 53-ஆம் வயதில், உறக்கத்திலேயே உயிர் நீத்தார். தாய்நாட்டிற்கு அவர் மீளவேயில்லை. அவர்தம் மருந்தே நம் வாயில்தேடி வந்தது.

நண்பர்காள்! தேர்வில் தவறினோமென்றும், உரிய பட்டம் கிட்டிலதென்றும் நம்முள் மனமுடைவோர் பலர். அவர்கள் இவ்வரலாற்றை எண்ணிப் பார்ப்பாராக. வழியிற் குற்றுயிராய்க் கிடந்தவனை எடுத்துக் காத்த சமாரியனின் பெயரையும் திருமறை கூறவில்லை. காக்கப்பட்டவன் பிழைத்தான்; அதுவே அவனுக்குப் புகழ். எனினும், பெயரறிந்தும் மறத்தல் நம் குற்றமாகும்.