வனமக்களின் தோழர் வெரியர் எல்வின்



காடு என்றதும் நம் நினைவிற்கு வருவன யாவை? வானளாவிய மரங்கள், யானை, புலி, வண்ணப் பறவைகள், சலசலத்தோடும் ஆறுகள். ஆனால், அக்காட்டையே தாய்வீடாகக் கொண்டு வழிவழியாக வாழ்ந்துவரும் மக்களை நாம் எண்ணிப் பார்ப்பதுண்டா?

நம் ஜொகூர் மாநிலத்தின் வடகிழக்கில் எண்டாவ் ரொம்பின் மழைக்காடு பரந்து கிடக்கின்றது. அங்கு, எண்டாவ் ஆற்றங்கரையிலுள்ள கம்போங் பெத்தாவில் ஜாகூன் என்னும் பூர்வக்குடி மக்கள் வாழ்கின்றனர். 1977ஆம் ஆண்டில் அம்மழைக்காட்டில் மரம் வெட்டும் பணி நடைபெற்றபோது நாடெங்கும் எதிர்ப்புக்குரல் எழுந்தது. 1993ஆம் ஆண்டில் ஜொகூர்ப் பகுதியிலுள்ள காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றது. மரங்களைக் காத்தால் மட்டும் போதுமா? காட்டுமக்களின் பாட்டும் கலையும் உரிமையும் காக்கப்பட வேண்டாவா? இவ்வினாவிற்குத் தம் வாழ்வையே விடையாக்கிய பெருமகனார் ஒருவரின் வரலாற்றை இங்குக் காண்போம்.

இங்கிலாந்து நாட்டின் டோவர் என்னும் துறைமுக நகரில் 1902ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 29ஆம் நாள் வெரியர் எல்வின் பிறந்தார். அவர்தம் தந்தையார் ஆப்பிரிக்காவிலுள்ள சியரா லியோனில் பேராயராகப் பணிபுரிந்தவர். எல்வின் சிறுவராக இருந்தபோதே தந்தையார் மறைந்தார். எனினும் கல்வியில் எல்வின் தளரவில்லை. ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்திலும் சமயக் கல்வியிலும் முதல் வகுப்பில் தேறினார். விரும்பியிருந்தால் தம் நாட்டிலேயே உயர்பதவியில் அமர்ந்து சுகமாக வாழ்ந்திருக்கலாம். அவர் உள்ளமோ தொண்டினையே நாடிற்று.

1927ஆம் ஆண்டில் சமயத் தொண்டராக இந்தியாவிற்கு வந்து, பூனா நகரில் ஒரு தொண்டர் இல்லத்தில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு சபர்மதி ஆசிரமத்தில் காந்தியடிகளைக் கண்டார். அச்சந்திப்பு அவர் வாழ்வைத் திசைதிருப்பியது. ஆங்கிலேயராகப் பிறந்த அவர் இந்திய விடுதலைக்காகக் குரல் கொடுக்கலானார். இதனால் ஆங்கில அரசின் சினத்திற்கு ஆளானார். ஒருமுறை தாயகம் சென்றவரை, அரசியலில் ஈடுபடுவதில்லை என்னும் உறுதிமொழியைப் பெற்ற பின்னரே மீண்டும் இந்தியா செல்ல அரசு இசைந்தது.

1932ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சாம்ராவ் ஹிவாலே என்னும் நண்பருடன் எல்வின் கரஞ்சியா என்னும் சிற்றூருக்குச் சென்றார். அவ்வூர் நருமதை ஆறு பிறக்கும் மைக்கால் மலைத்தொடரில், நடு இந்தியாவில் உள்ளது. அங்கு வாழ்ந்தோர் கோண்டு, பைகா முதலிய பழங்குடி மக்கள். நண்பர் இருவரும் மண் குடிசையில் தங்கிப் பள்ளி நடத்தினர், நோயாளிகளுக்கு மருந்தளித்தனர், தொழுநோயாளரைப் பேணினர். அம்மக்களை மதம் மாற்ற எல்வின் விரும்பவில்லை. சில ஆண்டுகளில் திருச்சபையிலிருந்தும் விலகிக்கொண்டார்.

கற்பிக்கச் சென்றவர் அங்குக் கற்கத் தொடங்கினார். பகலெல்லாம் உழைத்த மக்கள் இரவில் கூடிப் பாடினர், ஆடினர், கதை கூறினர். பர்தான் என்போர், நம் சங்ககாலப் பாணரைப் போல, நரம்பிசைக் கருவியை மீட்டிக் கோண்டு மக்களின் பழங்கதைகளைப் பாடி வந்தனர். இவற்றுள் எதுவும் ஏட்டில் எழுதப்பட்டதன்று. பாடுவோர் மறைந்தால் பாட்டும் மறைந்துவிடும். எல்வினும் ஹிவாலேயும் அப்பாடல்களைக் கேட்டு எழுதி, ஆங்கிலத்தில் ஆக்கி நூல்களாக வெளியிட்டனர்.

பாடல்களைத் தேடிச் சென்றவரின் செவியில் அம்மக்களின் துயரமும் விழுந்தது. பைகா மக்கள் ஏர் பூட்டி உழுவதில்லை. நிலம் அவர்களுக்குத் தாய். தாயின் மார்பைக் கலப்பையால் கிழித்தல் பாவம் என்பது அவர்தம் நம்பிக்கை. காட்டின் ஒரு பகுதியிலுள்ள மரஞ்செடிகளை வெட்டி எரித்து, அச்சாம்பலில் விதை தூவுவர். சில ஆண்டுகளில் அவ்விடத்தை விட்டு வேறிடம் செல்வர். விட்ட இடத்தில் காடு மீண்டும் தழைக்கும். இம்முறைக்குப் பேவார் என்று பெயர். நம் குறிஞ்சி நிலத்து மக்கள் தினைப்புனம் அமைத்துக் காத்ததை நாம் அறிவோமன்றோ? அதனை ஒத்ததே இது.

ஆங்கில அரசின் வனத்துறையோ, மரங்கள் வீணாகின்றன என்று கூறி இம்முறையைத் தடுத்தது. 1890ஆம் ஆண்டில், பைகா சக் என்னும் சிறு பகுதிக்குள் மட்டும் அதனைச் செய்ய இசைவளித்தது. தம் முன்னோர் உலவிய காட்டில் விறகெடுக்கவும் வேட்டையாடவும் பைகா மக்கள் அஞ்ச வேண்டியதாயிற்று. இக்கொடுமையை எல்வின் 1939ஆம் ஆண்டில் வெளியிட்ட பைகா மக்களைப் பற்றிய பெருநூலில் விரிவாக எடுத்துரைத்தார். பின்னர், இரும்பு உருக்கும் அகாரியா மக்களைப் பற்றியும் எழுதினார். உலை வரியாலும், ஆலை இரும்பின் வரவாலும் அவர்தம் தொழில் நலிந்ததை அந்நூல் காட்டியது.

அந்நாளில் எல்வினும் ஒரு தவறு செய்தார். பைகா மக்களை வெளியுலகம் அணுகாதபடி, தேசியப் பூங்கா போன்றதோர் இடத்தில் தனியே வைத்துக் காக்கலாம் என எழுதினார். மனிதரைக் காட்சிச்சாலைப் பொருளாக்குவதோ என அறிஞர் பலர் கண்டித்தனர். எல்வின் அக்கருத்தைப் பின்னாளில் மாற்றிக்கொண்டார். தாம் எழுதியதையே திருத்திக்கொள்ளும் துணிவு எல்லார்க்கும் வாய்ப்பதன்று.

அவர் கலையையும் மறக்கவில்லை. மலைதோறும் நடந்து, செதுக்கிய கதவுகள், மரச்சீப்புகள், முகமூடிகள், சுவரோவியங்கள் ஆகியவற்றைக் கண்டு படம்பிடித்தார். ஒடிசா மாநிலத்துச் சவரா மக்கள், இறந்த முன்னோரை மகிழ்விக்க வீட்டுச் சுவரில் ஓவியம் தீட்டுவர். அத்தகைய கலைகளையெல்லாம் தொகுத்து 1951ஆம் ஆண்டில் ஒரு நூலாக வெளியிட்டார். காட்டை இழந்து வறுமையில் வாடும் மக்களிடம் கலையும் வாடும் என்பதை அவர் கண்கூடாகக் கண்டார்.

விடுதலை பெற்ற இந்தியாவில் 1954ஆம் ஆண்டு எல்வின் குடியுரிமை பெற்றார். அவ்வாண்டே, அடர்ந்த மலைக்காடுகள் சூழ்ந்த வடகிழக்கு எல்லைப்புறத்தின் ஆலோசகராக அமர்ந்தார். அப்பகுதியே இன்று அருணாசலப் பிரதேசம் எனப்படுகின்றது. 1957ஆம் ஆண்டில் அப்பகுதியின் ஆட்சிமுறை பற்றி அவர் எழுதிய நூலுக்குப் பிரதமர் நேரு முன்னுரை வழங்கினார். மருத்துவமும் கல்வியும் மலைமக்களுக்குச் சென்று சேர வேண்டும்; ஆனால், நிலத்தின்மீதும் காட்டின்மீதும் அவர்களுக்குள்ள உரிமை பறிபோகக் கூடாது; அவர்தம் நெசவும் நடனமும் மொழியும் இகழப்படக் கூடாது. இதுவே எல்வின் காட்டிய நடுவழி.

1961ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருதளித்துச் சிறப்பித்தது. 1964ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 22ஆம் நாள் அப்பெருமகனார் டில்லியில் மறைந்தார். அவ்வாண்டு வெளிவந்த அவர்தம் தன்வரலாற்று நூலுக்கு, அடுத்த ஆண்டு சாகித்திய அகாதெமிப் பரிசு கிடைத்தது.

எல்வின் வாழ்ந்த சிற்றூர்களுள் பாட்டன்கட் என்பதும் ஒன்று. அவ்வூரில் பர்தான் குலத்தில் பிறந்தவர் ஜன்கட் சிங் சியாம். அவர் தீட்டிய ஓவியங்கள் 1980களில் போபால் நகரின் பாரத் பவனில் இடம்பெற்றன. 1989ஆம் ஆண்டில் பாரிசு மாநகரத்துக் கண்காட்சியிலும் வைக்கப்பெற்றன. மரமும் மானும் பறவையும் நிறைந்த அவ்வோவியங்களை உலகமே வியந்து நோக்கியது. அழிந்துபோகுமோ என எல்வின் அஞ்சிய கலை, அம்மண்ணின் மைந்தர் கையாலேயே புத்துயிர் பெற்றது.

அன்பு மாணவர்களே! நம் பாட்டன்மார் பால்மரம் வெட்டிய தோட்டங்களும் ஒருகாலத்தில் காடாக இருந்தவையே. அக்காட்டிலும் மக்கள் வாழ்ந்திருப்பர், பாடியிருப்பர். நம் பாட்டிமார் தோட்டப்புறத்தில் பாடிய தாலாட்டுகளுள் எத்தனை எழுதப்படாமலே மறைந்தனவோ! பூர்வக்குடித் தோழர் ஒருவரைக் காணும்போது, அவர் அறிந்த மரங்களின் பெயர்களைப் பணிவோடு கேட்டறிவோம். இல்லம் சென்றதும் நம் பாட்டியின் பாடலொன்றைக் கேட்டு ஏட்டில் எழுதி வைப்போம். எல்வின் என்னும் நல்லார்க்கு நாம் செலுத்தும் நன்றி அதுவேயாகும்.