யாழைத் தேடிய சாமியார்



போன மாதம் கமுந்திங் பக்கம் ஒரு வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். முன்னே பால்மரக் காட்டில் வேலை செய்த குடும்பம். தோட்டம் போய் இப்போது தாமானில் வாடகைக்கு இருக்கிறார்கள். பெரிய பையன் பேக்டரியில், சின்னவன் ஐந்தாம் படிவம். அந்த அம்மா கேட்ட கேள்வி இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. இவனும் பேக்டரிக்குத்தானே போகப் போறான், அதுக்கு மேல படிச்சு என்னங்க ஆகப் போவுது என்று கேட்டார். அப்போது எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தபோது விபுலானந்த அடிகள் ஞாபகம் வந்தது. அவர் கதையைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

இலங்கையின் கிழக்குக் கரையில் காரைதீவு என்று ஒரு ஊர். 1892-ல் சாமித்தம்பி, கண்ணம்மா தம்பதிக்கு அங்கே பிறந்த பையனுக்கு மயில்வாகனன் என்று பேர் வைத்தார்கள். அந்தக் காலத்தில் இங்கிலீஷ் படிப்பு வேண்டுமென்றால் பாதிரிமார் பள்ளிக்கூடத்துக்குத்தான் போக வேண்டும். இவரும் அங்கேதான் படித்தார். பதினாறு வயதில் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சை தேறி, கொஞ்ச காலத்தில் வாத்தியார் ஆனார்.

நம்மில் பலரும் இங்கேதான் நின்று விடுவோம். சம்பளம் வந்தாச்சு, போதும் என்போம். அவர் நிற்கவில்லை. கொழும்புக்குப் போய் ஆசிரியர் பயிற்சி முடித்தார். பிறகு தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்து, 1916-ல் விஞ்ஞானத்தில் டிப்ளோமா வாங்கினார். அதே 1916-ல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். இலங்கையிலிருந்து அந்தப் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவர்தான். ஒரு கையில் விஞ்ஞானம், ஒரு கையில் தமிழ். ஒன்றுக்காக மற்றதைக் கீழே போடவில்லை. 1920-ல் லண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. பட்டமும் வந்தது. மானிப்பாய் இந்துக் கல்லூரிக்குத் தலைமை ஆசிரியர் ஆனார்.

நல்ல உத்தியோகம், ஊரில் மரியாதை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு 1922-ல் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் போய்ச் சேர்ந்தார். 1924-ல் காவி உடுத்தி விபுலானந்தர் ஆனார்.

சாமியார் ஆனதும் குகையைத் தேடிப் போனாரா? இல்லை. திரும்ப ஊருக்கு வந்து பள்ளிக்கூட வேலையைத்தான் எடுத்துக்கொண்டார். மட்டக்களப்பு, யாழ்ப்பாணம், திருகோணமலை என்று இராமகிருஷ்ண மிஷன் பள்ளிகளைக் கவனித்தார். 1929-ல் மட்டக்களப்பு கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார். ஏழைப் பிள்ளைகளும் ஆதரவில்லாத பிள்ளைகளும் தங்கிப் படிக்க இல்லமும் உண்டு. அவருக்குப் படிப்பு என்றால் கணக்கும் இங்கிலீஷும் மட்டும் இல்லை. அறிவு, ஒழுக்கம், பக்தி, தாய்மொழி, இசை எல்லாம் சேர்ந்ததுதான் படிப்பு. பிள்ளையை முழு மனுசனாக ஆக்குவது பள்ளியின் கடமை என்று நினைத்தவர்.

1931-ல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரை முதல் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. பகலில் பெரிய படிப்புப் பிள்ளைகளுக்குப் பாடம். வேலை முடிந்தால், பக்கத்துத் திருவேட்களத்தில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த சேரி மக்களிடம் போய் அவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். தோழர்களே, இதை ரெண்டு தடவை படியுங்கள். ஊரே தள்ளி வைத்தவர்களை நம்மோடு உட்கார வேண்டியவர்கள் என்று நினைத்த பேராசிரியர் அவர்.

அந்த வயதில்தான் அவருடைய பெரிய படிப்பே தொடங்கியது. சிலப்பதிகாரத்தில் யாழ் வருகிறது. ஆனால் அதைக் கண்ணால் பார்த்தவன் கிடையாது; எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்னேயே மறைந்துபோன வாத்தியம். நரம்பு எவ்வளவு நீளம், எந்தச் சுரம் எங்கே பிறக்கும் என்பதை அவர் கணக்குப் போட்டுத் தேடினார். இளமையில் படித்த விஞ்ஞானமும் பண்டிதர் தமிழும் அங்கே ஒன்று சேர்ந்தன. சுமார் 14 வருசம் உழைத்தார். இடையில் இமயமலை மாயாவதியில் பத்திரிகை ஆசிரியர் வேலை. 1943-ல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் பதவி. எங்கே போனாலும் யாழ் கூடவே போனது. 1947 ஜூன் மாதம் தமிழ்நாட்டில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் யாழ் நூல் அரங்கேறியது. அடுத்த மாதமே, ஜூலை 19-ல் கண்ணை மூடினார். வயது 55. உடல் நலம் கெட்டிருந்தும் புத்தகம் முடியும்வரை விடவில்லை. அவர் தொடங்கிய சிவானந்த வித்தியாலயத்து மண்ணிலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

இனி நம்ம கதைக்கு வருவோம். 1923-ம் வருச தொழிலாளர் சட்டம், ஏழிலிருந்து பதினாலு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்கணும் என்றது. பல இடத்தில் ஒரு கொட்டகை, ஒரு வாத்தியார், அவ்வளவுதான். அந்தப் படிப்பு எதற்கென்றால் கையெழுத்துப் போடவும் பால் கணக்குப் பார்க்கவும். அதுக்கு மேல் உனக்கு எதுக்கு என்பதுதான் அன்றைக்கு நமக்குச் சொல்லப்பட்டது. நானும் தோட்டப் பள்ளியில் படித்தவன்தான். இன்றைக்குத் தோட்டம் போய்விட்டது. ஆனால் அந்தப் பேச்சு நம் வாயிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த அம்மா கேட்டதும் அதுதான். தப்பு அவங்களுடையது இல்லை.

இப்போது பதில் சொல்கிறேன், அம்மா. உங்கள் மகன் பேக்டரிக்கே போகட்டும், அதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் படிப்பு சம்பளத்துக்கு மட்டும் என்று அவன் நினைக்க வேண்டாம். மெஷின் பார்க்கிற பையன் தேவாரமும் பாடலாம், சட்டமும் படிக்கலாம், நாற்பது வயதில் புதுசாக ஒரு பாடமும் ஆரம்பிக்கலாம். சம்பளச் சீட்டில் என்ன பிடித்தார்கள் என்று படித்துப் பார்க்கத் தெரிந்தவனை ஏமாற்றுவது கஷ்டம். அதோடு மனசும் படித்தவனாக இருந்தால் அவன் பக்கத்தில் நிற்பவனுக்கும் துணை நிற்பான்.

தோழர்களே, கோயில் மண்டபமோ தாமான் மண்டபமோ, வாரத்தில் ஒரு ராத்திரி ரெண்டு மணி நேரம் போதும். படித்த பிள்ளை சொல்லிக்கொடுக்கட்டும், பெரியவர்களும் வந்து உட்காரட்டும். வயசாச்சு என்று வெட்கப்பட வேண்டாம். மறைந்துபோன யாழையே ஒருவர் தேடிக் கண்டுபிடித்தார். நாம் விட்ட படிப்பு ஒன்றும் அவ்வளவு தூரம் போய்விடவில்லை.